சலவைக்கூடத்தில் ஒரு மாத நோட்டீஸ்

ஓட்டலின் அடித்தளத்தில் இருந்தது சலவைக்கூடம். அங்கே இஸ்திரி மெஷின் முன்னால் நின்றுதான் அவள் வேலையைத் தொடங்கினாள். நீராவி முகத்தில் அடிக்கும். சூடாக வந்து விழும் படுக்கை விரிப்புகளை மடிப்புப் பிசகாமல் அடுக்க வேண்டும். வாய் ஓயாத பெண் என்பதால் கூட வேலை செய்தவர்கள் அவளை 'ரேடியோ' என்றார்கள்.

வெளியூரில் அக்கா வீட்டிலிருந்த அம்மா படுத்த படுக்கையானபோது, வேலையை விட்டுவிட்டுப் போக முடிவு செய்தாள். லீவு கேட்டு ஏற்கெனவே இல்லையென்று ஆகியிருந்தது. சூப்பர்வைசர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"ஒரு மாசம் நோட்டீஸ் குடுத்துட்டுப் போ. இப்பவே போனா ரிலீவிங் லெட்டர் கிடைக்காது. அப்புறம் எவனும் வேலை தர மாட்டான்."

"அம்மா பொழைக்க மாட்டாங்கன்னு சொல்றாங்க சார்."

"எல்லாருக்கும் அம்மா இருக்கு. நான் என்ன பண்ண?"

அவள் சம்பளத்தை நம்பித்தான் அக்கா வீட்டிலும் அடுப்பெரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். "உன்னையேதான் கேக்குறாங்கடி" என்று அக்கா தினமும் போனில் அழுதாள். நோட்டீஸ் முடிவதற்குள் அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். இவள் போனபோது முகம் பார்க்கக்கூடக் கிடைக்கவில்லை.

காரியமெல்லாம் முடிந்து அதே வேலைக்குத் திரும்பக் கிளம்பியவளைப் பார்த்து அக்கா திகைத்தாள்.

"திரும்பவும் அங்கேயா போற?"

"வேற எங்க போறது? அந்த ஆளு அங்கதானே இருக்கான்."

அவள் இடத்துக்கு ஆள் கிடைக்காததால் மறுபடி சேர்த்துக்கொண்டார்கள். அதன்பின் ரேடியோ பாடவில்லை. வேலையில் மட்டும் வெறியாக இருந்தாள். மாடி அறைகளின் பொறுப்பு வந்தது. சில வருடங்களில் ஹவுஸ்கீப்பிங் முழுவதும் அவள் கைக்கு வந்தது, சலவைக்கூடமும் சேர்த்து. அந்த சூப்பர்வைசர் இப்போது அவளை "மேடம்" என்றார். அவரை அவள் ஒருநாளும் கடிந்து பேசியதில்லை. பழசையெல்லாம் மறந்துவிட்டாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவள் காத்துக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் மதியம் அவர் பல்லெல்லாம் தெரியச் சிரித்தபடி வந்தார். கடற்கரை விடுதி ஒன்றில் பெரிய வேலையாம். அடுத்த வாரமே சேர வேண்டுமாம்.

"ரொம்ப சந்தோஷம். ஒரு மாச நோட்டீஸ் இருக்கே?"

"அவங்க அவ்வளவு நாள் காத்திருக்க மாட்டாங்க மேடம். நீங்க மனசு வச்சா இன்னைக்கே விட்டுடலாம்."

"அன்னைக்கு நீங்க மனசு வச்சிருந்தாலும் விட்டிருக்கலாம்."

"என்னைக்கு மேடம்?"

அவருக்கு உண்மையாகவே நினைவில்லை. அம்மாவைப் பற்றிச் சொன்னாள். அவர் முகம் வெளுத்தது.

"நான் ரூல்படிதானே..."

"நானும் ரூல்படிதான்."

அவர் வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டு, அந்த விடுதிக்காரர்களிடம் தவணை கேட்டுக் கெஞ்சினார். அவர்கள் வேறு ஆளை எடுத்துக்கொண்டார்கள். உடனே இவளிடம் ஓடி வந்தார்.

"நான் போகல மேடம். இங்கேயே இருந்துடறேன்."

"உங்க இடத்துக்கு ஆள் போட்டாச்சு. மாசம் முடியிற வரைக்கும் அவங்களுக்கு வேலை சொல்லிக் குடுங்க."

புதிதாக வந்தவளுக்கு அவர் தலைகுனிந்து மெஷினைக் காட்டிக்கொண்டிருந்ததை, தினமும் படியிறங்கிப் போய்ப் பார்த்தாள். வேறு வேலை எதுவும் அவளுக்கு அங்கே இல்லை. பார்த்துவிட்டு வரும்போது காபி ருசித்தது.

அவர் பையைத் தூக்கிக்கொண்டு போன அன்று மாலை அக்காவுக்குப் போன் போட்டு ஒன்றுவிடாமல் சொன்னாள்.

"அம்மா இருந்திருந்தா உன்னைத் திட்டியிருப்பாங்கடி."

"திட்டட்டுமே. அந்தத் திட்டக் கேக்கத்தானேக்கா எனக்குக் குடுத்து வைக்கல."