சூரியகாந்தியும் மாங்காயும்

எங்களை எதிர்த்து மகள் பாலக்கரைக் கிறிஸ்தவப் பையனைக் கட்டிக்கொண்ட பிறகு, அவனுடைய அம்மா முதல்முறையாக ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தார். பிறக்கப்போகும் குழந்தைக்கு நான் துண்டுத் துணிகளைச் சேர்த்துத் தைக்கும் போர்வையில் தன் வீட்டுத் துணியும் இருக்க வேண்டும் என்றார்.

பையிலிருந்து அவர் எடுத்ததைப் பார்த்ததும் எனக்குப் பகீரென்றது. உள்ளங்கை அகலத்துக்குச் சூரியகாந்திப் பூக்கள்; கூடவே கருப்பு வெள்ளைக் கட்டம். தரையில் நான் பரப்பியிருந்ததோ சிவப்பும் பச்சையுமாக மாங்காய் போட்ட என் சேலைத் துண்டுகள். நிறைமாத மகள் எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவருடைய துணிகளை ஒரு மூலையில் அடுக்கி, நடுவே தடுப்பாக ஒரு வெள்ளைப் பட்டை வைத்தேன்.

“இது எதுக்குங்க?”

“ரெண்டும் ஒத்துப்போகாதுங்க. கண்ண உறுத்தும்.”

அவர் அந்த வெள்ளைப் பட்டையின் மேல் விரலை வைத்தார். “உறுத்தினா உறுத்தட்டும். எங்கள மட்டும் ஓரமா வெச்சிடாதீங்க.”

என் காது சூடானது. பட்டையை உருவி எடுத்துவிட்டு, சூரியகாந்தியை மாங்காயை ஒட்டியே வைத்தேன். கண் கூசத்தான் செய்தது. இன்னொரு பூவை எதிர்மூலையிலும், கட்டத்தை ஆங்காங்கேயும் வைத்துப் பார்த்தேன். எல்லாப் பக்கமும் பரவியதும் எதுவும் தனியாகத் துருத்தவில்லை.

“இங்கயும் ஒண்ணு வைக்கலாமாங்க?” என்று கேட்டபடி அவர் தரையில் உட்கார்ந்தார்.

“வைங்க” என்றேன்.

சாயங்காலம்வரை துணியைப் பற்றி மட்டும்தான் பேசினோம். வேறு எதையும் தொட இருவருக்கும் தைரியம் வரவில்லை.