கயிற்றின் மொட்டை நுனி

"உனக்கு எண்ணத் தெரியுமா?"

சாரணியர் குழுவில் சேரப் போன முதல் நாள், எல்லாரும் பெரியக்கா என்று கூப்பிடும் குழுத் தலைவி என்னிடம் கேட்ட கேள்வி இது. பெயரைக் கேட்கவில்லை. படிப்பைக் கேட்கவில்லை. அதுவரைக்கும் நல்லதாகப் போயிற்று. ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள் நான். வருகைப் பதிவின்போது "உள்ளேன்" என்று சொல்லக்கூட எனக்குக் குரல் எழும்பாது. நாள் முழுக்க பெஞ்சில் உட்கார்ந்திருந்தும் வராதவள் என்று எழுதிவிடுவார்கள். ஒருநாள் நிஜமாகவே போகவில்லை. அவ்வளவுதான்.

இனி நான் சொல்லப்போவதில் ஒரு சொல்கூடக் கற்பனை கிடையாது. நேரங்களை அன்று இரவே நோட்டில் குறித்து வைத்தேன். ஒரு நிமிடம் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை.

பழைய துணிகளைப் பிரித்துத் தைக்கும் கடையில் எனக்கு வேலை. என் அக்கா மகள் அந்தக் குழுவில் இருந்தாள். பெரியவர்கள் போதவில்லை என்று ஆள் தேடினார்களாம்.

"நீ வா சித்தி. பேசவே வேண்டாம். எங்களை எண்ணினாப் போதும்" என்றாள்.

போனேன். பிள்ளைகள் ஒரே வாரத்தில் எனக்கு 'மியூட்டக்கா' என்று பெயர் வைத்துவிட்டார்கள். மூன்று மாதம் சோதனைக் காலம். இந்த முகாமோடு அது முடிகிறது. வாழ்க்கையில் ஒன்றையாவது பாதியில் விடாமல் முடிக்க வேண்டும் என்று எனக்கு ஒரு வைராக்கியம்.

முகாமின் முதல் மாலை கயிற்று நடை. இருட்டத் தொடங்கும்போது பிள்ளைகள் ஒரே கயிற்றைப் பிடித்துக்கொண்டு வரிசையாக நடக்க வேண்டும். டார்ச் போடக் கூடாது. ஒருத்திக்கு ஒரு முடிச்சு. முன்னால் ஒரு லீடர், வாலில் ஒரு லீடர். பாதை முடிவில் நிற்கும் இரும்புக் கம்பம் வரை போய், அதைத் தொட்டுவிட்டுத் திரும்ப வேண்டும்.

"பன்னெண்டு பேர், பன்னெண்டு முடிச்சு" என்றார் பெரியக்கா. "நுனிய மொட்டையா விட்டுடு."

"பிரிஞ்சுடாதாக்கா?"

"சொன்னத மட்டும் செய்."

அவர் இருபத்திரண்டு வருடமாக அந்த மொட்டை நுனியைத் தன் கையில் சுற்றிக்கொண்டு வாலில் நடந்து வருபவர். வேறு யாருக்கும் அந்த இடத்தைக் கொடுத்ததில்லை.

நானும் பன்னிரண்டுதான் போட்டேன். ஆனால் தையல்காரி கை... நூல் நுனியை முடிச்சில்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. பேசிக்கொண்டிருந்த பிள்ளைகளைப் பார்த்தபடியே, கை தன்னால் நுனியிலும் ஒரு முடிச்சைப் போட்டுவிட்டது. அதை நான் கவனிக்கவே இல்லை.

கிளம்பும் நேரத்தில் பெரியக்காவுக்கு முழங்கால் வீங்கிவிட்டது. முகாம் கட்டடத்துப் படியிலிருந்து எழவே முடியவில்லை.

"நாளைக்குப் போகலாமாக்கா?" என்றேன்.

பிள்ளைகள் ஓவென்று கத்தினார்கள். "மியூட்டக்கா கூட்டிட்டுப் போகட்டும்! ப்ளீஸ்க்கா!"

பெரியக்கா அவசரத்துக்கென்று ஒரு டார்ச்சை என் கையில் கொடுத்தார். "நேர் பாதை. சரளைக்கல்ல விட்டுக் கால் இறங்கக் கூடாது. வலது பக்கம் பழைய கல்குவாரி. அஞ்சு நிமிஷத்துக்கு ஒருதரம் எண்ணு."

மணி 6.40. கிளம்பினோம்.

பனி இறங்கியிருந்தது. முன்னால் நான். வாலில் ஆள் இல்லாததால் பன்னிரண்டாவது முடிச்சை அக்கா மகளுக்குக் கொடுத்திருந்தேன். குட்டி, ஆனால் பயப்படாதவள். அவளுக்குப் பின்னால் மிச்சக் கயிறு தரையில் இழுபட்டு வந்தது. சரளையில் அந்தச் சத்தம் முன்னால் நடந்த எனக்கும் கேட்டது.

சர்ர்... சர்ர்... சர்ர்...

6.45. எண்ணச் சொன்னேன். பன்னிரண்டு குரல்.

6.50. பன்னிரண்டு.

6.52. இழுபடும் சத்தம் நின்றுவிட்டது.

கயிறு எங்காவது சிக்கியிருக்கும் என்று நினைத்தேன். சிக்கினால் இழுக்கும். இழுக்கவில்லை. நாங்கள் நடந்துகொண்டே இருந்தோம்.

"சித்தி..." பின்னாலிருந்து அக்கா மகள். "பெரியக்கா வந்துட்டாங்களா?"

"இல்லையே. ஏன்?"

"பின்னாடி யாரோ கயிறத் தூக்கிப் புடிச்சிருக்காங்க."

டார்ச்சைப் போட்டேன். வெள்ளைச் சுவர் மாதிரி பனி. நாலாவது பிள்ளைக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை.

6.55, 7.00, 7.05. மூன்று தரமும் பன்னிரண்டு குரல்தான். 7.10. கம்பம் வந்தது. ஒவ்வொருத்தியாகத் தொட்டார்கள். டங். டங். நான் அதையும் எண்ணினேன்.

பன்னிரண்டு டங்.

கொஞ்சம் இடைவெளி.

இன்னொரு டங்.

"எண்ணுங்க" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

"ஒண்ணு." "ரெண்டு." "மூணு."... அக்கா மகள் "பன்னெண்டு" என்றாள்.

"பதிமூணு."

மெல்லிய குரல். ஈரமான குரல்.

"யாரு விளையாடுறது?"

யாரும் சிரிக்கவில்லை. எதற்கெடுத்தாலும் சிரிக்கும் பிள்ளைகள் அவர்கள்.

திரும்பச் சொன்னேன். கயிற்று நடையில் திரும்பினால் கடைசி ஆள் முதல் ஆள் ஆகிவிடுவாள். அதனால் லீடர் நடந்து போய் அந்தப் பக்கம் நிற்க வேண்டும். நான் இரண்டடி வைத்திருப்பேன்.

கயிறு நகரத் தொடங்கியது.

"நில்லுங்க... நான் வரல!"

"நாங்க இல்லக்கா! கயிறு இழுக்குது!"

வேகம் கூடியது. நான் வாலைப் பிடித்துக்கொண்டு ஓடினேன். காலுக்குக் கீழே சரளை.

பிறகு புல்.

பிறகு பாறை.

கம்பி வேலி விழுந்து கிடந்தது. அதை மிதித்துக்கொண்டு போனோம்.

முன்னால் எங்கேயோ ஒரு கல் உருண்டது.

எண்ணினேன். ஒன்று... இரண்டு... மூன்று...

ப்ளக்.

தண்ணீர்.

என் குட்டி முன்னால் இருக்கிறாள்.

எனக்குக் குரல் வரவில்லை. அதே பள்ளிக்கூடத்துத் தொண்டை. அதே பூட்டு.

இன்னும் பத்தடி...

"விடுங்க!"

யார் கத்தியது என்று முதலில் புரியவில்லை. நான்தான்.

"கயிற விடுங்க! உக்காருங்க! எல்லாரும் விடுங்க!"

விட்டார்கள். நானும் விட்டேன்.

கயிறு நிற்கவில்லை.

யாரும் பிடிக்காத கயிறு... எங்கள் கால்களுக்கு நடுவே... சர்ர்ர்ரென்று போய்க்கொண்டே இருந்தது.

அப்புறம் தண்ணீரில் ஒரு சத்தம்.

மணி 7.19.

இருட்டிலேயே ஒவ்வொரு தலையாகத் தொட்டுத் தொட்டு எண்ணினேன். பன்னிரண்டு. மூன்று தரம் எண்ணினேன். பன்னிரண்டுதான். அக்கா மகள் குவாரி விளிம்புக்கு நாலடி தள்ளிக் குந்தியிருந்தாள். கை கோத்துக்கொண்டு, டார்ச்சைத் தரையில் அடித்துக்கொண்டு, சரளைப் பாதைக்கு வந்து சேர்ந்தோம்.

7.50க்கு முகாம். பெரியக்கா படியிலேயே உட்கார்ந்திருந்தார். பிள்ளைகளை எண்ணினார். என் வெறும் கையைப் பார்த்தார்.

"கயிறு எங்க?"

சொன்னேன். வேலி, பாறை, நான் கத்தியது, எல்லாம். குரல் உடைந்து உடைந்து வந்தது, ஆனால் வந்தது.

"எத்தன முடிச்சு போட்ட?"

அப்போதுதான் என் விரல்களுக்கு நினைவு வந்தது.

"நுனியிலயும் ஒண்ணு... கை தவறிப் போட்டுட்டேன்க்கா. பதிமூணு."

பெரியக்கா நொண்டியபடி உள்ளே போய் இரும்பு அலமாரியைத் திறந்தார். அடித்தட்டிலிருந்து பழைய முகாம் பதிவேடு ஒன்றை எடுத்து, ஒரு பக்கத்தை விரித்து, என் முன்னால் வைத்தார். இருபத்திரண்டு வருடத்துக்கு முந்திய தேதி. அவர் கையெழுத்து.

'மாலை 7.19. திரும்பும்போது பனியில் வழி தவறியது. முன்னால் சென்ற பதின்மூன்றாவது பெண் குவாரிக்குள் சறுக்கினாள். முடிச்சை விடவில்லை. கயிறு மற்றவர்களையும் இழுத்தது. விடச் சொல்லிக் கத்தினேன். பன்னிரண்டு பேரும் விட்டார்கள். நானும் விட்டேன்.'

கீழே சிறிய எழுத்தில் இன்னொரு வரி.

'கயிறு கிடைக்கவில்லை. அவளும்.'

நான் நிமிர்ந்தபோது அக்கா மகள் போர்வையோடு வாசலில் நின்றாள்.

"சித்தி, அந்த அக்கா கைய நான் தொட்டேன். ஜில்லுனு இருந்துச்சு."

"எந்த அக்காடி?"

"பின்னாடி நின்னவங்க. நீ திரும்பச் சொன்னப்ப என் காதுல ஒண்ணே ஒண்ணு கேட்டாங்க."

"என்ன கேட்டாங்க?"

அவள் என்னைப் பார்க்கவில்லை. பெரியக்காவைப் பார்த்துச் சொன்னாள்.

"இந்தத் தடவ விட மாட்டீங்கல்லன்னு கேட்டாங்க."



பெரியக்கா கழுத்துத் துணியை அவிழ்த்தார். நான்காக மடித்து மேசைமேல் வைத்தார். விசிலைக் கழற்றி அதன்மேல் வைத்து, என் பக்கம் நகர்த்தினார். டார்ச் அங்கேயே இருந்தது. அதை எடுத்துக்கொள்ளவில்லை.

கதவைத் திறந்து இறங்கினார். வீங்கிய காலை இழுத்து இழுத்து நடக்கும் சத்தம் சரளையில் கேட்டது.

சர்ர்... சர்ர்... சர்ர்...

மணி 8.04. அந்தச் சத்தம் நின்றுவிட்டது.