எருக்குக்குத் தனி அலமாரி கேட்டவள்

ஸ்டெல்லா போயிட்டா.

காலையில அவ வீட்டுக்காரர் ஃபோன் பண்ணார். "மேடம்... ஸ்டெல்லா நம்மள விட்டுட்டுப் போயிட்டா."

ட்ரீட்மென்ட் முடிஞ்சதும் காலேஜுக்கு வந்துடுவேன்னு போன வாரம்கூட சொன்னாளே...

தெரியாதவங்களுக்காக: தாம்பரத்துல எங்க காலேஜ்ல நானும் அவளும் ஒண்ணா வேலைக்குச் சேர்ந்தோம். தாவரவியல். எந்தப் பூ எந்தக் குடும்பம்னு வகைப்படுத்தற பேப்பர் அவளோடது. கல்யாணத்துக்குப் போனா மாலையில இருக்கற பூவைப் பிச்சுப் பார்ப்பா. பக்கத்துல உட்கார்ந்திருக்கற எனக்குத்தான் மானம் போகும்.

பிராக்டிகல் எக்ஸாம் அன்னைக்கு எல்லாருக்கும் ஒரே பூ வேணும். விடியறதுக்கு முன்னாடியே ரெண்டு பேரும் இரும்புலியூர் தெருவுல பையோட சுத்துவோம். ஒரு தடவை ஒரு அம்மா கேட்டைத் திறந்துட்டு வந்து, "இன்னாம்மா, டீச்சர் மாரி கீற, பூ திருடிகினு போற?"ன்னு கேட்டாங்க. ஸ்டெல்லா அசரவே இல்ல. "ஆமாங்க, டீச்சர்தான். பசங்களுக்குப் பரீட்சை"ன்னுட்டு இன்னும் ரெண்டு பறிச்சா.

அந்த இருட்டுல ஒத்தைச் செம்பருத்திக்குப் பதிலா அடுக்குச் செம்பருத்தியைப் பறிச்சுட்டு வந்துட்டா! அதுல மகரந்தத் தாளெல்லாம் இதழா மாறியிருக்கும். பசங்க அதைப் பார்க்கவே இல்ல, புக்குல இருக்கற மாதிரியே நடுவுல மகரந்தத் தாள் குழாய் நீட்டிட்டு இருக்குன்னு எழுதிட்டாங்க. ஒரு பொண்ணு மட்டும் "குழாயைக் காணோம்"னு எழுதியிருந்தா.

அவளுக்கு ஃபுல் மார்க். "பூவைப் பார்த்தது இவ ஒருத்திதான்டீ. நானே பார்க்கல"ன்னு சொல்லிச் சொல்லிச் சிரிச்சா.

அப்புறம் இந்த எருக்கு விவகாரம்...

பழைய முறையில எருக்குக்குன்னு தனிக் குடும்பம். டிஎன்ஏ பார்த்து வகைப்படுத்தற புது முறையில அதை அரளிக் குடும்பத்துக்குள்ள சேர்த்துட்டாங்க. காய வெச்சு அட்டையில ஒட்டின எங்க செடிகளையும் அதே மாதிரி மாத்தி அடுக்கணும்னு முடிவாச்சு. எல்லா அலமாரியும் மாறுச்சு, எருக்கு அலமாரியைத் தவிர. அதோட சாவி ஸ்டெல்லாகிட்ட.

பள்ளிக்கரணை பக்கம் பசங்களைக் கூட்டிட்டுப் போனப்போ எருக்கம்பூவுக்குள்ள ஊசியை விட்டு எடுத்துக் காட்டினா. ஊசி நுனியில ரெண்டு மஞ்சள் பை தொங்குச்சு. "மகரந்தத்தைப் பொட்டலம் கட்டி வெச்சிருக்கு பாரு. அரளியில இது உண்டா? இதைப் போய் அரளியோட சேர்க்கச் சொல்றாங்க. நான் இருக்கற வரைக்கும் இது தனி அலமாரிதான்."

நாங்க எல்லாரும் சிரிச்சோம்.

இன்னைக்கு ஹெச்.ஓ.டி. கூப்பிட்டு வருத்தப்பட்டுட்டு, "அந்தச் சாவியை வாங்கிட்டு வந்துடுங்க மேடம், இப்பவாவது மாத்திடலாம்"னார். கெட்ட மனுஷன் இல்ல. ஆனா அந்த "இப்பவாவது" எனக்குத் தாங்கல. பாத்ரூம்ல போய் அழுதேன்.

சாயங்காலம் ஊரப்பாக்கத்துல அவ வீடு. நான் கேட்கவே இல்ல, அவ ஹேண்ட்பேக்ல இருந்து அவ வீட்டுக்காரரே சாவியை எடுத்து நீட்டினார். "காலேஜ் சாவிதானே மேடம்? ஆஸ்பத்திரிக்கும் தூக்கிட்டுத்தான் வந்தா."

மாத்தணும்தான். புது முறைதான் சரி. அவளுக்கும் தெரியும், கிளாஸ்ல அப்படித்தான் நடத்துவா.

ஆனா வாங்க கை வரல. "உங்ககிட்டயே இருக்கட்டும்ண்ணா, அப்புறம் வாங்கிக்கறேன்"னுட்டேன்.

நாளைக்கு மதியம் அடக்கம். தெரிஞ்சவங்க வாங்க.

ஸ்டெல்லா... இந்த வாரம் எருக்கு உன் அலமாரியிலதான் இருக்கும்டீ. யார் கேட்டாலும்.