முன்னறையில் இரண்டு மிஷின்

பிரிசில்லாவும் தேவகியும் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் பக்கத்துப் பக்கத்து மிஷினில் உட்கார்ந்து தைத்தவர்கள். மதியம் ஒருத்தி டப்பாவில் இன்னொருத்தி கை நுழையும். மகன் பிறந்ததும் பிரிசில்லா வேலையை விட்டாள். வீட்டு முன்னறையில் இரண்டு மிஷின் போட்டு, வெட்டிய தோலை வாங்கி ஷூவின் மேல்பாகம் தைத்துக் கொடுக்க ஆரம்பித்தாள். வேலை கூடியபோது தேவகியைக் கூப்பிட்டாள்.

"நீ கூட இருந்தா எனக்கு தைரியம்க்கா."

அந்த ஒரு சொல்லுக்காகத் தேவகி கம்பெனியை விட்டுவிட்டு மாதனூரிலிருந்து தினமும் பஸ் ஏறி வந்தாள்.

ஒட்டுகிற சொல்யூஷன் வாடை தெருவுக்கே போகும். பக்கத்து வீட்டு நயீம் அகமது, "வாசனை ஜாஸ்தியா இருக்கும்மா, குழந்தை இருமுது" என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். பிரிசில்லா ஜன்னலைச் சாத்தினாள், அவ்வளவுதான். பிறகு அவர் நகராட்சியில் புகார் கொடுத்தார்.

அதிகாரி வந்தபோது தேவகி மிஷினை விட்டு எழுந்து, கீழே கிடந்த தோல் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவர் நாற்காலியில் உட்கார்ந்து அறையைச் சுற்றிப் பார்த்தார்.

"இது குடியிருப்புப் பகுதிம்மா. வீட்டு ஆளுங்க சின்னதா ஏதாவது தைச்சிக்கலாம். வெளியாள் வெச்சி நடத்தக் கூடாது. இவங்க யாரு?"

பிரிசில்லா முந்திக்கொண்டு சொன்னாள்.

"அது வீட்டு வேலைக்கு வருது சார். பெருக்கி, பாத்திரம் கழுவிட்டுப் போய்டும்."

தேவகி ஒரு முறை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு மூலையில் இருந்த துடைப்பத்தை எடுத்துக் குனிந்து பெருக்கத் தொடங்கினாள். அதிகாரி இன்னும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பொய் நிற்க வேண்டுமே என்று பிரிசில்லா வாய் திறந்தாள்.

"சார் காலுகிட்ட பாத்துப் பெருக்கு."

அவர் காலைத் தூக்கிக்கொண்டார். தேவகி நாற்காலிக்கு அடியிலும் பெருக்கினாள்.

வாடை வரக் கூடாது என்று எச்சரித்துவிட்டு அவர் போய்விட்டார். தேவகி குப்பையை வாரிக் கொட்டிவிட்டு, கை கழுவி, பையை எடுத்துக்கொண்டு, "வர்றேன்" என்றாள். மறுநாள் வரவில்லை. போனும் எடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஜெபம் முடிந்ததும் பிரிசில்லா மாதனூருக்குப் போனாள். தேவகி உட்காரச் சொல்லி டீ கொடுத்தாள். மகனைப் பற்றி விசாரித்தாள்.

"பயத்துல சொல்லிட்டேன்க்கா."

"வீட்டு வேலைக்கு வர்றதா சொன்னது பயத்துல. சரி. காலுகிட்ட பெருக்குன்னு சொன்னியே, அது?"

அந்த நிமிஷம் அந்த அதிகாரத்தோடு பேச எவ்வளவு சுலபமாக வந்தது என்பது பிரிசில்லாவுக்கே தெரியும். டீயைக் குடிக்கவும் முடியாமல், கீழே வைக்கவும் முடியாமல் கையிலேயே வைத்திருந்தாள்.

மறுவாரம் நகராட்சிக்குப் போய், வெளியாள் வைத்துத்தான் நடத்தினேன் என்று ஒப்புக்கொண்டாள். கடைகள் இருக்கும் ரோட்டில் ஒரு ஷட்டர் அறை பிடித்து மிஷின்களை அங்கே மாற்றினாள். நயீம் அகமது வீட்டுக் கதவைத் தட்டி மன்னிப்பும் கேட்டாள். தேவகியை மட்டும் திரும்பக் கூப்பிட அவளுக்கு வாய் வரவில்லை.

தேவகி பழைய கம்பெனிக்கே போய்விட்டாள். கம்பெனி பஸ் காலையில் அந்த ரோடு வழியாகத்தான் போகிறது. சில நாள் ஜன்னலோரத்திலிருந்து கை காட்டுகிறாள். பிரிசில்லாவும் காட்டுகிறாள், முகத்தைப் பார்க்காமல்.