நாலாவது பிரிவுக்காக ஒரு கூட்டம்

வெஸ்ட் வின்ட்சரில் குடியிருக்கும் ஜம்புநாதனுக்கு பார்சிப்பனியில் ஒரு மருந்துக் கம்பெனியில் வேலை. மனைவி பர்வதம் இறந்தபின் வீட்டில் அவர் மட்டும்தான். மகள் மாளவிகா டெக்சாஸில். அவர் வாய்விட்டுத் தமிழ் பேசுவது ஞாயிற்றுக்கிழமை தமிழ்ச் சங்கத்தில்தான்.

சங்க விதிகளின் நாலாவது பிரிவு, குடும்பத்துக்கு ஒரு ஓட்டு என்கிறது. குடும்பம் என்றால் கணவனும் மனைவியும். பர்வதம் போனதும் ஜம்புநாதனுடைய ஓட்டும் போயிற்று. அதைத் திரும்பப் பெற நினைத்தார். விதியைத் திருத்த வேண்டுமானால் சிறப்புக் கூட்டம் கூட வேண்டும். கூட்டத்துக்கு மூன்றில் ஒரு பங்கு உறுப்பினர்கள் கையெழுத்திட வேண்டும். இலையுதிர் காலம் முழுவதும் வீடு வீடாகப் போனார். கையெழுத்தைவிட, போன இடத்தில் உட்காரச் சொன்னது அவருக்குப் பெரிதாக இருந்திருக்கலாம்.

அலுவலக நண்பர் ஜெயபிரகாஷ் மதியச் சாப்பாட்டின்போது தடுத்துப் பார்த்தார். "கூட்டத்தக் கூட்டற வரைக்கும்தான் அது உன் கையில, ஜம்பு. இந்த நாட்டுலயே, சுதந்திரம் வந்த புதுசுல, மாநிலங்களுக்குள்ள இருந்த பழைய ஒப்பந்தத்தத் திருத்தத்தான் ஆளுங்கள அனுப்பினாங்க. அவங்க உள்ள போய்ப் புதுசா ஒரு அரசியல் சட்டமே எழுதிட்டு வந்தாங்க."

"நாலாவது பிரிவு மட்டும்னு அழைப்புலயே போட்டிருக்கேன்பா."

"போட்டா? அங்கயாவது மாநிலங்க ஒத்துக்கணும்னு ஒரு தடுப்பு இருந்துச்சு. உங்க சங்கத்துல தீர்மானம் போடறதும் நீங்கதான், ஒத்துக்கறதும் நீங்கதான்."

பொங்கல் விழாச் சாப்பாடு முடிந்ததும் கூட்டம் தொடங்கியது. தமிழ் வகுப்பு நடத்தும் கௌசிக் எழுந்து, இத்தனை பேர் மறுபடி எப்போது சேரப்போகிறோம், எல்லாப் பிரிவுகளையும் பார்த்துவிடுவோம் என்றார். நன்றாகவே பேசினார். சங்கத்தில் தீர்மானங்கள் கைதட்டலால் நிறைவேறுவது வழக்கம். நல்ல பேச்சுக்கும் அதே கைதட்டல்தான். ஜம்புநாதனும் மரியாதைக்குத் தட்டினார். தலைவி நாகலக்ஷ்மி, நிறைவேறியது என்று அறிவித்தார்.

முதலில் உறுப்பினர் யார் என்ற பிரிவு வந்தது. அரங்கில் இடம் போதவில்லை. ஆகவே தமிழ் வகுப்பில் பிள்ளை படிக்கும் குடும்பங்கள் மட்டுமே இனி உறுப்பினர் என்றார்கள். ஜம்புநாதன் மேல் அங்கே யாருக்கும் பகை இல்லை. கெட்ட எண்ணம் இல்லாமலே ஒருவரை வெளியே நிறுத்திவிட முடிகிறது என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

அவர் எழுந்து, அழைப்பில் இது இல்லையே என்றார்.

நாகலக்ஷ்மி தணிந்த குரலில் சொன்னார்: "மத்ததையும் எடுக்கலாம்னு கேட்டப்ப நீங்களும்தான கை தட்டினீங்க, அங்கிள்."

கடைசியாக நாலாவது பிரிவு வந்தது. துணையை இழந்த உறுப்பினருக்கும் ஓட்டு உண்டு என்று திருத்தினார்கள். அவரைப் பார்த்துக்கொண்டே தட்டினார்கள். அன்றைக்கு அதற்குத்தான் சத்தம் அதிகம். அவர் இப்போது உறுப்பினரே இல்லை என்பது யாருக்கும் உறைத்ததாகத் தெரியவில்லை.

வெளியே வந்து காரில் உட்கார்ந்திருந்தபோது மாளவிகா அழைத்தாள். "டிட் இட் பாஸ், அப்பா?"

"பாஸாயிடுச்சும்மா," என்றார்.