மதாமின் பண்டிகைச் சேறு

வெள்ளைப் பீங்கான் தட்டில் சேற்றைக் குழைத்து வைத்தது மாதிரி இருந்தது. செங்கல் நிறம். நடுவில் கரண்டியின் முதுகால் அழுத்திய பள்ளம், மேலே பட்டைத்தூள். பேரீச்சம்பழமும் காய்ந்த அத்திப்பழமும் முந்திரிப்பருப்பும் சிவப்பு ஒயினும் சேர்ந்தால் அந்த நிறம் வரும் என்று, அதை அரைத்த எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. வயிற்றுப்பாட்டுக்காக எத்தனையோ பலகாரம் செய்திருக்கிறேன். பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது அது ஒன்றுக்குத்தான்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. பாதிரியார் பள்ளிக்கூடத்தில் பாதி படித்து, வாத்தியார் நடக்கிற நடையை அவர் பின்னாலேயே நடந்து காட்டியதற்காகத் துரத்தப்பட்டவன். மிஞ்சியது அரைகுறைப் பிரெஞ்சும் அடங்காத வாயும். அதை வைத்துக்கொண்டுதான் மதாம் வீட்டுக் குசினியில் சமையலுக்குச் சேர்ந்தேன்.

மதாம் அல்ஜீரியாவில் ஒரு துறைமுக ஊரில் பிறந்த யூதப் பெண். சுங்க இலாகாவில் வேலை பார்த்த முசியேவைக் கட்டிக்கொண்டு புதுச்சேரிக்கு வந்தவர். முசியே கல்லறைக்குப் போனார். பிரெஞ்சுக்கொடி இறங்கியது. பழகிய வெள்ளைக்காரர்கள் ஒவ்வொருவராகக் கப்பலேறினார்கள். மதாம் மட்டும் போகவில்லை. போவதற்கு ஒரு வீடு இருக்கவேண்டுமே. தமிழை அவர் மார்க்கெட்டில் மீன்காரப் பெண்களோடு சண்டை போட்டுக் கற்றிருந்தார். அதனால் வசவுக்கு அவரிடம் பஞ்சமே இல்லை. நல்ல வார்த்தைக்குத்தான் தமிழ் தெரியாது. காப்பியில் சர்க்கரை கூடினால் கோப்பையோடு என் மேல் வீசுவார். நான் குனிந்துகொண்டு, சுவருக்குத்தான் இன்றைக்குக் காப்பி என்பேன். அப்படித்தான் எங்கள் காலம் போனது.

அவருக்கு உலகத்தில் மிச்சமிருந்தது ஒரு தம்பி. பிரெஞ்சுப் பட்டாளத்தில் கப்பித்தேன், அதாவது கேப்டன். யுத்தகாலத்தில் யூதர்களைத் தேடிப் பிடித்தபோது, உயிருக்குப் பயந்து பெயரை மாற்றிக்கொண்டு கழுத்தில் சிலுவையை மாட்டிக்கொண்டவர். யுத்தம் முடிந்தும் கழற்றவில்லை. இந்தத் தடவை உயிருக்காக அல்ல, உத்தியோகத்துக்காக. அம்மா செத்ததற்கும் வரவில்லை. அந்தத் தம்பி சைகோனிலிருந்து ஊர் திரும்பும் கப்பல், புதுச்சேரிக்கு எதிரே ஒரு பகல் நங்கூரம் போடப்போகிறது, இறங்கி வந்து பார்ப்பார் என்று செய்தி வந்தது. அந்தப் பகல் யூதர்களுடைய பாஸ்கா பண்டிகைக்கு முந்தின பகலாகவும் அமைந்துவிட்டது. மதாமுக்கு ஒரே ஒரு ஆசைதான். அம்மா செய்கிற அந்தப் பண்டத்தைத் தம்பி தின்னவேண்டும். தின்றுவிட்டு, இது நம் அம்மா செய்வது என்று ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லவேண்டும். அதை என்னிடமே சொன்னார். வேறு யாரிடம் சொல்வார்?

அந்த ஒரு வாக்கியத்துக்காக என்னைப் படுத்திய பாடு கொஞ்சமில்லை. புளித்தது, பொங்கியது எதுவும் பண்டிகைக்கு வீட்டில் இருக்கக்கூடாதாம். அலமாரியை ஓரடி நகர்த்தி ரொட்டித் துணுக்கைத் தேடவைத்தார். இடுக்கில் கோழியிறகை விட்டுக் கூட்டினேன். என் வாய் சும்மா இருக்குமா?

"மதாம், காலைல தின்ன இட்லி என் வயித்துல புளிச்சுக் கெடக்குது. என்னையும் வெளிய தள்ளிடுவீங்களா?"

"தள்ளுவேன்" என்றார். தள்ளியும்விட்டார். உச்சி வெயில் வரை வாசற்படிக்கு வெளியே உட்கார்ந்திருந்தேன். அரிசி அவர்களுக்கு ஆகும், இட்லி சேர்த்தியா இல்லையா என்று அவருக்கே தெரியவில்லை என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

பழைய அம்மியும் ஆகாது என்று புதிதாக ஒன்றை வாங்கிக் கொத்தி வைத்திருந்தார். மறுநாள் விடிந்ததும் அதில் பேரீச்சம்பழத்தை வைத்து இழுத்தால், குழவி கல்லோடு ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்கிறது. அவர்கள் ஊரில் போடுகிற பருப்பு இங்கே கிடைக்காது என்பதால் முந்திரி. ஒயினைத் தெளித்துத் தெளித்து அரைக்க, நிறம் திரண்டு வந்தது. எனக்கு வீட்டு ஞாபகம் வந்துவிட்டது. அப்பாவுக்கு மூலக்குளம் பக்கத்துச் செங்கல் சூளையில் மண் மிதிக்கிற வேலை.

"எங்கப்பா கால்ல ஒட்டிக்கினு வர்ற சேறு இப்படித்தான் மதாம் இருக்கும்" என்று சிரித்தேன்.

மதாம் சிரிக்கவில்லை. இது சேறுதான் என்றார். அவர்களுடைய முன்னோர் ஒரு ராஜாவின் நாட்டில் அடிமையாகக் கிடந்து மண் மிதித்துச் செங்கல் அறுத்தார்களாம். பிறந்த ஆண்பிள்ளைகளை அந்த ராஜா ஆற்றில் போடச் சொன்னானாம். ஒரு ராத்திரி, பிசைந்த மாவு புளிக்கிற வரை கூடக் காத்திராமல் ஓடிவந்தார்களாம். அந்தச் சேற்றை மறக்காமல் இருக்கத்தான் வருஷா வருஷம் தின்பது, இனிப்பாக இருப்பது தப்பித்து வந்ததால் என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து, சாதாரணமாக, உப்பு இருக்கிறதா என்று கேட்பது போல ஒன்று சொன்னார்.

"அப்ப உங்கப்பன் இன்னும் வெளிய வரலடா."

குழவியை இழுத்துக்கொண்டே இருந்தேன்.

பிற்பகலில் தம்பி வந்தார். தனியாக வரவில்லை, கூடவே பட்டாளத்து அதிகாரிகள் இருவர். ஒருவர் செக்கச்செவேலென்று தடித்தவர், இன்னொருவர் கண்ணாடி போட்டவர். தம்பி அக்காவின் இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்த வேகத்தைப் பார்த்தால், சூடு பட்டுவிடும் என்று பயந்தவர் போல இருந்தது. மதாம் பேச்சை வளர்க்காமல் நேராகத் தட்டைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார். தம்பி அதைப் பார்த்த மாத்திரத்தில் அடையாளம் கண்டுகொண்டார். அதை நான் கண்ணால் பார்த்தேன். அவருடைய கை தானாகக் கரண்டிக்குப் போய், பாதி வழியில் நின்றது. தடித்தவர் அப்போதுதான் இது என்ன என்று கேட்டார்.

மதாம் வாயைத் திறப்பதற்குள் தம்பி முந்திக்கொண்டார். இந்த ஊர் ஜனங்கள் தங்கள் பண்டிகை எதற்கோ செய்கிற பண்டம் என்றார். அக்கா இவர்களோடு இருந்து இருந்து இவர்களாகவே ஆகிவிட்டாள் என்று சொல்லிச் சிரிக்கவும் செய்தார்.

மதாம் அவரைப் பார்த்த பார்வை எனக்குப் பழக்கமானது. மார்க்கெட்டில் அந்தப் பார்வைக்குப் பிறகு கூடை பறக்கும். தட்டு பறக்கப்போகிறது என்று நான் ஒதுங்கினேன். ஆனால் மதாம் புன்னகை செய்தார். அவர் புன்னகை செய்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. தமிழில் என்னைக் கூப்பிட்டார்.

"டேய், இங்க வா. இது உன் பண்டிகையாம். எதுக்குச் செய்றீங்கன்னு இவங்களுக்குச் சொல்லு. காலைல நான் சொன்னத அப்படியே சொல்லணும். ஒரு வார்த்த கொறஞ்சுதுன்னா பாரு."

எனக்கு நடித்துக் காட்ட ஆள் கிடைத்தால் போதும். அரைகுறைப் பிரெஞ்சில் ஆரம்பித்துவிட்டேன். எங்கள் பாட்டன்மார் ஒரு ராஜாவுக்கு அடிமையாக இருந்தார்கள் என்றேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அப்பா மிதிப்பது போலவே தரையை மிதித்துக் காட்டினேன். பிள்ளைகளை ஆற்றில் போட்டதைச் சொன்னேன். புளிக்காத மாவைத் தூக்கிக்கொண்டு ஓடியதை, நாற்காலியைச் சுற்றி ஓடிக் காட்டினேன். மிதித்துக்கொண்டிருக்கும்போது ஒன்று புரிந்தது. மண்ணைப் பற்றி நான் சொன்னதில் பொய் இல்லை. ஓடியதைப் பற்றிச் சொன்னதுதான் பொய்.

கண்ணாடிக்காரர் மட்டும் நெற்றியைச் சுருக்கினார். இது வேதத்தில் வருகிற கதை அல்லவா என்றார். தடித்தவர் தொடையைத் தட்டிக்கொண்டு, பாதிரிகளிடம் கேட்டதைத் தங்கள் கதையாக்கிக்கொண்டார்கள், இந்தக் கறுப்பர்களுக்குச் சொந்தமாக என்ன இருக்கிறது, அதிலும் சேற்றை ஞாபகம் வைத்துத் தின்கிற ஜாதி என்றார். இருவரும் சிரித்தார்கள். தம்பியும் சிரிக்கவேண்டியிருந்தது. சிரித்தார். மதாம் கண்ணை எடுக்காமல் தம்பி சிரித்து முடிக்கிற வரை காத்திருந்தார். பிறகு கரண்டியைத் தானே எடுத்து, நிறைய அள்ளி, தம்பியின் கையில் கொடுத்தார்.

தம்பி வாயில் போட்டுக்கொண்டார். மென்றார். தொண்டைக்குள் இறங்க நேரமாயிற்று. மதாம் முன்னால் குனிந்து அந்த வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஒரு கணத்தில், இத்தனைக்குப் பிறகும், அவர் எதிர்பார்த்தார் என்றுதான் நினைக்கிறேன்.

இனிப்பு கொஞ்சம் தூக்கல் என்றார் தம்பி. உதட்டைத் துடைத்துக்கொண்டு தட்டைத் தள்ளி வைத்தார்.

கப்பலுக்குப் போகிற படகு வரை மதாம் வரவில்லை. என்னை அனுப்பினார். கரையில் சலங்குப் படகு அலைக்கு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. மற்ற இருவரும் ஏறிய பிறகு தம்பி என்னைத் தனியே அழைத்தார். அக்காவுக்கு ஏதோ சொல்லி அனுப்பப்போகிறார் என்று நானும் காதைக் கொடுத்தேன். இனிமேல் பட்டாளத்து விலாசத்துக்குக் கடுதாசி எழுதவேண்டாம் என்று சொல்லச் சொன்னார். அக்கா தங்கள் பழைய யூதக் குடும்பப் பெயரை உறையின் பின்னால் எழுதுகிறாளாம்.

வீட்டுக்கு வந்து அப்படியே சொன்னேன். வழியெல்லாம் இனிப்பாக ஏதாவது இட்டுக்கட்டலாமா என்று யோசித்தேன். என் வாய்க்கு அது பெரிய வேலையா? ஆனால் அவர் முகத்துக்கு எதிரே நின்றதும் வரவில்லை. மதாம் கேட்டுக்கொண்டார். திட்டவில்லை, எதையும் வீசவில்லை. தம்பி உட்கார்ந்திருந்த நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். அந்த வீட்டு நாற்காலியில் நான் அதற்கு முன் உட்கார்ந்ததில்லை. தட்டை என் பக்கம் தள்ளினார்.

"தின்னு. உன் பண்டிகதான."

தின்றேன். பாதியில் திகட்டியது. எழுந்திருக்கப் பார்த்தால் தோளில் கை வைத்து அழுத்தினார். தட்டில் ஒட்டியிருந்ததையும் விரலால் வழிக்கச் சொன்னார். வழித்து முடிக்கிற வரை எதிரே உட்கார்ந்து, தம்பியின் வாயைப் பார்த்தது போலவே என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு விளக்கு வைக்கிற நேரத்தில் நான் கிளம்பியபோது, பண்டிகைக்கென்று துலக்கி வைத்த மெழுகுவத்தித் தாங்கிகளை மதாம் ஏற்றாமலே துணியில் சுற்றி அலமாரியில் வைத்துக்கொண்டிருந்தார்.

இப்போது மூலக்குளத்தில் மண் மிதிக்க ஆள் இல்லை. மிதித்த இடமெல்லாம் மாடி வீடு. அப்பா அந்தச் சேற்றிலிருந்து கடைசி வரை வெளியே வராமலே போய்ச் சேர்ந்தார். நான் வந்துவிட்டேன். என் பேத்திகள் பேரீச்சம்பழத்தை முந்திரியோடு உருட்டி, உடம்புக்கு நல்லது தாத்தா என்று நீட்டுகிறார்கள். கிண்டலுக்குப் பேர்போன தாத்தா ஏன் அதற்கு மட்டும் வாயை மூடிக்கொள்கிறார் என்று அவர்களுக்குக் கேள்வி. திகட்டும் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

தம்பி வந்துபோன மறு வருஷமும் பங்குனி வெயில் வந்தது, அவர்களுடைய பண்டிகைப் பௌர்ணமியும் நெருங்கியது. மதாம் அலமாரியை நகர்த்தச் சொல்லவில்லை, கோழியிறகு கேட்கவில்லை, தினம் போல ரொட்டி வாங்கி வரச் சொன்னார். நானாகவே பையை எடுத்துக்கொண்டு போய் நின்றேன்.

"மதாம், பேரீச்சம்பழம் வாங்கியாரட்டுமா?"

தையலிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தார். முகத்தில் கோபம் இல்லை, கேலி இல்லை. ஒன்றுமே தெரியாதவர் கேட்பது போலக் கேட்டார்.

"ஏன்டா, உங்க வீட்டுல எதுனா விசேஷமா?"