முதல் இடத்தில் எதை எழுதுவது

பல்கலைக்கழகத்துக்குப் போக எழுதும் எஸ்.டி.பி.எம். பரீட்சைக்கு முன்பே எங்கள் தோட்டத்தில் நான் டாக்டராகிவிட்டேன். கோலாலம்பூருக்குத் தெற்கே, லாபு பக்கத்து ரப்பர் தோட்டம் அது. எண்பதுகளின் நடுப்பகுதி. அங்கிருந்து பள்ளியின் கடைசி வகுப்பான ஆறாம் படிவம் வரை போன முதல் பெண் நான்தான். அறிவியல் பிரிவு என்று அப்பா யாரிடமோ சொல்லியிருக்கிறார். கேட்டவர், "அப்ப டாக்டருக்குத்தானே?" என்றிருக்கிறார். அப்பா இல்லை என்று சொல்லவில்லை. அவ்வளவுதான்.

அப்பா தோட்டத்து ரப்பர் பால் ஏற்றும் லாரி ஓட்டினார். அதனால் செய்தியும் லாரியோடு பயணம் போனது. சிரம்பானில் டயர் மாற்றுகிறவருக்குத் தெரியும். லுக்குட்டில் லாரி பழுது பார்க்கும் பட்டறைக்காரருக்குத் தெரியும். லீவு நாளில் நான் அம்மாவோடு கடைக்குப் போனால், "டாக்டரம்மா வந்துட்டாங்க" என்று கடைக்காரர் நாற்காலியைத் துடைத்துப் போடுவார். எனக்கும் அது பிடித்திருந்தது. நான் டாக்டராக வேண்டுமா என்று எனக்குள் ஒருநாளும் கேட்டுக்கொண்டதில்லை. கேட்க வேண்டிய கேள்வி என்றே தோன்றவில்லை.

முடிவு வந்த அன்று பள்ளிக்கூடத்தில் தாளை வாங்கிக்கொண்டு சிரம்பான் பஸ் நிலையத்தில் உட்கார்ந்தேன். கணக்கில் ஏ. பௌதிகத்தில் பி. இரசாயனத்தில் சி. உயிரியலில் டி. தேர்ச்சிதான், நல்ல தேர்ச்சி என்றுகூடச் சொல்லலாம். ஆனால் இது டாக்டருக்குப் போதுமா? இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்ததில் ஏறினேன்.

அப்பா தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மேலே இருந்த ஏ மட்டும்தான் அவர் கண்ணில் பட்டது.

"ஏ வந்துருக்குல்ல பாப்பா! அப்புறம் என்ன?"

அன்று தொடங்கி ஒரு வாரம், எனக்கு இடம் கிடைக்குமா கிடைக்காதா என்பதுதான் தோட்டத்தில் பேச்சு. தோட்ட ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி இங்கிலீஷ் படித்தவர். அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "டி கெடக்குது விடுலா. கணக்குல ஏ வாங்கின பிள்ளையை வேணாம்னு சொல்வாங்களா? தைரியமா போடு" என்றார். கோயில் கமிட்டிப் பொருளாளர் தலையை ஆட்டினார். "நம்ம ஆளுங்களுக்கு எடமே கொஞ்சம். ஆனா தோட்டத்துப் பிள்ளைன்னா தனியா பாப்பாங்கன்னு கேள்வி." லுக்குட் பட்டறைக்காரர், தன் சொந்தக்காரப் பையன் ஒருவன் இதைவிட மோசமான மார்க்கில் டாக்டருக்குப் போனதாக அப்பாவிடம் சொல்லி அனுப்பினார். எந்த நாட்டில் என்று மட்டும் சொல்லவில்லை.

என் வகுப்பு ஆசிரியை ஒரு சீனப் பெண்மணி. அவருடைய மேசையைச் சுற்றி நாங்கள் ஒரு கூட்டம் நின்றோம். என் தாளைப் பார்த்து, "சொல்ல முடியாது, பாதிக்குப் பாதி" என்றார். எனக்குப் பின்னால் நின்றவனுக்கும் அதையே சொன்னார்.

பல்கலைக்கழகங்களுக்கெல்லாம் சேர்த்து ஒரே விண்ணப்பப் பாரம்தான். அதில் விருப்பத்தை வரிசையாக எழுத வேண்டும். முதல் இடத்தில் எதை எழுதுவது என்று தெரியாமல், நான் அந்தப் பாரத்தை மேசையில் விரித்து வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அம்மா மரம் வெட்டுகிறவர், ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கிற வேலை. விடிகாலையில் போய் மதியத்துக்கு மேல் வருவார். இந்த ஒரு வாரமும் வருகிறவர்களுக்குக் காப்பி கலந்து கொடுத்தபடி எல்லோரும் சொன்னதையும் கேட்டுக்கொண்டிருந்தார். ஒருநாள் சாயங்காலம் பாத்திரம் துலக்கிக்கொண்டே கேட்டார்.

"எடத்தை யாரு குடுக்கிறது?"

"யூனிவர்சிட்டிம்மா."

"எங்க இருக்கு?"

"கே.எல்.ல."

"நம்ம ஸ்டேசன்லேர்ந்து ரயில் போவுதுல்ல?"

"போவுது."

"ஊரெல்லாம் கேட்டாச்சு. குடுக்கிறவங்ககிட்ட யாரும் கேக்கல. நாளைக்கழிச்சுப் போவோம்."

அப்பாவிடம் விசாரிக்கப் போகிறோம் என்று மட்டும் சொன்னோம். அவருக்கு ஒரே சந்தோஷம். "டாக்டருக்குப் படிக்கிற எடம் எப்படி இருக்குன்னு நல்லா பாத்துட்டு வாங்க" என்றார்.

தைப்பூசத்துக்குப் பத்துமலை போவதைத் தவிர அம்மா கோலாலம்பூரை அறிந்ததில்லை. மாம்பழ நிறச் சேலை கட்டி, கையில் குடையோடு ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டார். ரயிலை விட்டு இறங்கி, பஸ் மாறி, வழி கேட்டுக் கேட்டுப் பல்கலைக்கழக வாசலுக்குப் போனபோது வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. வாசல் காவலர் வயதான மலாய்க்காரர். யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். நான் பள்ளிக்கூடத்து மலாயில் தட்டுத்தடுமாறினேன். அம்மா என்னை விலக்கிவிட்டுப் பேச ஆரம்பித்தார். அம்மாவின் மலாய் லாபு சந்தையில் கற்றது. 'நான்' என்பதற்குக்கூட எங்கள் மாநிலத்துக் கிராமத்தார் போல 'டென்' என்றுதான் சொல்வார். எனக்கு எப்போதும் வெட்கமாக இருக்கும்.

காவலர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "ஓராங் நோகோரி!" என்றார் முகமெல்லாம் பல்லாக. எங்க ஊர்க்காரங்க! அவர் ரெம்பாவ் பக்கத்தில் பிறந்தவராம். தலைநகரில் இத்தனை காலமாக வேலை செய்தும் சொந்த ஊர்ப் பேச்சைக் கேட்க ஆளில்லை என்று குறைபட்டுக்கொண்டார். மழை எப்படி, டுரியான் விளைச்சல் எப்படி என்று விசாரித்துவிட்டு, எங்களைத் தானே அழைத்துக்கொண்டு போய் மாணவர் சேர்க்கைப் பிரிவில் உட்காரவைத்தார்.

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரியும் மலாய்ப் பெண்மணிதான். அம்மா வயது இருக்கும். என் தாளை வாங்கி நிதானமாகப் பார்த்தார். மருத்துவத்தை முதல் இடத்தில் எழுதலாமா என்று கேட்டேன்.

"எழுதலாம். யாரும் தடுக்க மாட்டார்கள்" என்றார். பிறகு ஒரு வெள்ளைத்தாளை எடுத்துக் கோடு போட்டுக் காட்டினார். ஒரு துறையை முதல் இடத்தில் எழுதியவர்களைத்தான் முதலில் பார்ப்பார்கள். மருத்துவத்தில் இடம் இல்லை என்றாகி என் பெயர் அடுத்த துறைக்குப் போகும்போது, அதையே முதலாவதாகக் கேட்டவர்கள் அங்கே நிரம்பியிருப்பார்கள். இப்படியே கீழே கீழே போய் ஒன்றுமே இல்லாமல் நின்றுவிடக்கூடும். "உயிரியலில் டி வாங்கியவர்களை மருத்துவத்தில் எடுத்து நான் பார்த்ததில்லை" என்றார்.

"கொஞ்சங்கூட வழி இல்லையா?" என்று அம்மா கேட்டார்.

அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றினார். "அக்கா, இவள் என் மகளாக இருந்தால் நான் எழுத விடமாட்டேன்."

அம்மா என் முழங்காலில் கை வைத்தார். எனக்கு அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. ஒரு வாரமாக நெஞ்சில் இருந்த பாரம் சட்டென்று இறங்கினாற்போல் இருந்தது. அதுவே எனக்கு ஆச்சரியமாகவும் கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

"உனக்கு என்ன பிடிக்கும்?" என்று அதிகாரி கேட்டார்.

"கணக்கு."

யோசிக்காமல் வந்துவிட்டது. அம்மா திரும்பி என்னைப் பார்த்தார்.

"டாக்டர்னுல்ல சொன்னே?" என்றார் தமிழில்.

"நீங்கல்லாம்தாம்மா சொன்னீங்க."

அதிகாரிக்குத் தமிழ் புரியாது. ஆனால் விஷயம் புரிந்திருக்க வேண்டும், சிரிப்பை அடக்கிக்கொண்டார். கணக்கும் பௌதிகமும் கேட்கும் துறைகளைச் சொல்லிக்கொண்டே வந்தார். நான் கேள்விப்படாத ஒன்று இருந்தது: நில அளவை. ஊர் எல்லை, சாலை, தோட்டம் எல்லாவற்றையும் கருவி வைத்து அளந்து வரைபடம் போடுகிற படிப்பு. "பெண்கள் அதிகம் எழுதுவதில்லை. வெயிலில் நிற்க வேண்டும், காட்டில் நடக்க வேண்டும். ஆனால் உன் கணக்குக்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது."

"வெயிலும் காடும் எங்களுக்குப் புதுசா?" என்றார் அம்மா, அதே நோகோரி மலாயில். அதற்கு மேல் அந்த அம்மாளால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

திரும்பும் ரயிலில் அம்மா காஜாங் வரைக்கும் ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு, "கணக்குப் பிடிக்கும்னு ஒரு நாள் சொல்லியிருக்கலாம்ல" என்றார். "எனக்கே அங்க போய்த்தாம்மா தெரிஞ்சுச்சு" என்றேன். அம்மா குடைக் கைப்பிடியைத் தடவிக்கொண்டே, "உங்கப்பாவுக்கு யாரு சொல்றது?" என்றார்.

நான்தான் சொன்னேன். அப்பா சாப்பாட்டுத் தட்டில் கை வைத்தபடியே கேட்டார்.

"அந்தப் பொம்பள யாரு, நீ டாக்டராவக் கூடாதுன்னு சொல்றதுக்கு?"

"ஆவக் கூடாதுன்னு சொல்லலப்பா. கெடைக்காதுன்னு சொன்னாங்க."

"ரெண்டும் ஒன்னுதான்."

கையைக் கழுவிக்கொண்டு வெளியே போனார். கழுவ வேண்டிய அவசியமே இல்லாத லாரியை இருட்டும் வரை கழுவினார். இரண்டு நாள் வீட்டில் யாருக்கும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் கோபப்பட்டிருந்தால் நான் எதிர்த்துப் பேசியிருப்பேன். இந்த மௌனத்தை என்ன செய்வது என்று தெரியவில்லை.

பாரம் அனுப்ப வேண்டிய நாள் நெருங்கியது. நில அளவையை முதலாவதாக எழுதினேன். கணிதம், புள்ளியியல் என்று கீழே கீழே நிரப்பிக்கொண்டு வந்தேன். அப்பா கதவோரம் வந்து நின்றார்.

"எல்லாம் எழுதிட்டியா?"

"இன்னும் ஒன்னு இருக்குப்பா. கடைசி."

"அதுலயாவது டாக்டர்னு போடேன் பாப்பா."

கடைசி இடத்தில் மருத்துவம் எழுதினால் யாரும் அதைப் பார்க்கக்கூட மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரிந்திருக்கும். எழுதினேன். அவர் குனிந்து அந்த வரியைப் பார்த்துவிட்டு, என் தலையில் கை வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் விடியலில் பெரட்டுக் களத்தில், ஆட்கள் வேலை பிரித்து வாங்க நின்றிருந்தபோது, வேலையை மேற்பார்க்கும் மண்டோர் அப்பாவைப் பார்த்து, "டாக்டரம்மா பாரம் போட்டாச்சா?" என்று கேட்டாராம். அப்பா எல்லோர் காதிலும் விழும்படி, "டாக்டர் இல்ல. நெலம் அளக்கிற படிப்புக்குப் போட்டிருக்கு. கணக்குல ஏ" என்றாராம். அம்மா வந்து சொன்னபோதுதான் நான் அழுதேன்.

பதில் வரும் வரை தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் தற்காலிக ஆசிரியையாக இருந்தேன். முதல் இடத்தில் எழுதியதே கிடைத்தது. என் வகுப்பில் நான்கைந்து பெண்கள்தான். முதல் ஆண்டில் கருவியின் மூன்று காலையும் சரியாக ஊன்றக் கற்பதற்குள் என் முகம் வெயிலில் கறுத்துப் போனது. விடுமுறைக்கு வந்தபோது, "மரம் வெட்டின எனக்கே இவ்வளவு கறுப்பு இல்லடி" என்று அம்மா சிரித்தார். எனக்கு அந்தப் படிப்பு பிடித்திருந்தது. ஒரு குன்றின் உயரத்தை அதில் ஏறாமலே கண்டுபிடிக்கலாம் என்று தெரிந்த நாளில் தூக்கமே வரவில்லை.

அதற்குள் அம்மா வேறொரு வேலையை எடுத்துக்கொண்டிருந்தார். ஆறாம் படிவம் முடித்த பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்காரர்கள் அம்மாவைத் தேடி வந்தார்கள். அந்த அலுவலகத்துக்கு வழி தெரிந்தவர் அவர் ஒருவர்தான். வேலைக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, பிள்ளைகளை ரயிலில் கூட்டிக்கொண்டு போய், கேட்க வேண்டியதைக் கேட்கவைத்துத் திரும்பக் கூட்டிவருவார்.

மூன்றாம் ஆண்டு விடுமுறையில் நான் வீட்டில் இருந்தபோது பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். அவள் அப்பா புல்வெட்டுக் கூட்டத்தில் வேலை செய்தார். தாளை என்னிடம் நீட்டினாள். மூன்று ஏ, ஒரு பி. பி வாங்கியது பௌதிகத்தில். நான் இரண்டு முறை பார்த்தேன்.

"மொதல்ல என்ன எழுதப் போற?"

"ஆசிரியர் படிப்புக்கா."

"அதுதான் ஆசையா?"

அவள் என் அம்மாவைப் பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்தாள். "பெருசா எழுதாத, லாரிக்காரர் மகளுக்கே டாக்டர் கெடைக்கலன்னு எல்லாரும் சொல்றாங்கக்கா."

எனக்குச் சுருக்கென்றது. எனக்குச் சரியாக இருந்த பதில் பக்கத்துத் தோட்டத்தில் ஒரு பூட்டாகிப் போயிருந்தது. என் பழைய தாளை அலமாரியிலிருந்து எடுத்து அவள் தாளுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"இது என்னோடது. உயிரியல் பாரு. டி. உன்னோடது ஏ. எனக்குக் கெடைக்காதுங்கிறதுக்கும் உனக்குக் கெடைக்குமாங்கிறதுக்கும் சம்பந்தமே இல்ல. ஆசை இருக்கா, இல்லையா? அத மட்டும் சொல்லு."

"இருக்குக்கா. சொல்லத்தான் பயமா இருந்துச்சு."

"அப்ப மொதல்ல அதை எழுது. கண்டிப்பா கெடைக்கும்னு நான் சொல்ல மாட்டேன். இந்த மார்க்குக்கு எழுதாம விட்டா அது தப்பு. ரெண்டாவது, மூணாவது என்ன போடுறதுன்னு இப்ப உக்காந்து பாப்போம்."

சாயங்காலம் வரை உட்கார்ந்தோம். இடையில் அப்பா வந்து எட்டிப் பார்த்தார். முதல் வரியைப் படித்தார். என்ன நினைத்தார் என்று முகத்தில் தெரியவில்லை. உள்ளே போய் மூவருக்கும் காப்பி கலந்து எடுத்துவந்தார். வீட்டில் அவர் காப்பி கலந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அவளுக்கு இடம் கிடைத்த செய்தியை அப்பாதான் பல்கலைக்கழக விடுதியில் இருந்த எனக்குப் போனில் சொன்னார். சிரம்பானுக்கு லாரி கொண்டுபோனவர், வழியில் ஒரு கடையிலிருந்து கூப்பிட்டிருந்தார். பின்னால் மோட்டார் சத்தமாக இருந்தது.

"அந்தப் புள்ளைக்கு டாக்டருக்குக் கெடைச்சிருச்சு பாப்பா."

"நெஜமாவாப்பா?"

"நெஜந்தான். அவங்கப்பா வந்து சொல்லிட்டு அழுவுறாரு. எங்கூட லாரியிலதான் வந்திருக்காரு, புள்ளைக்குப் பெட்டி வாங்கணுமாம். நான் நல்ல கடையாப் பாத்துக் கூட்டிட்டுப் போறேன்."

குரல் தெளிவாக இருந்தது. வேறு எதுவும் அதில் ஒளிந்திருக்கிறதா என்று கூர்ந்து கேட்டேன். இல்லை. "சரி, வைக்கிறேன், அவரு காத்துக்கிட்டு இருக்காரு" என்று சொல்லி வைத்துவிட்டார்.